அண்ணன் அனுப்பும் பெட்டியில் எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்பது

போன ஆவணியில் லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டி கல்லடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவுக்கென்றே தனிப் பையில் ‘சீனி இல்லை’ என்று பெரிதாக எழுதிய சொக்லட் கட்டிகள் நாலு இருந்தன. அம்மாவுக்குப் பதினாறு வருசமாகச் சலரோகம். இனிப்பைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகிய மனுசி. “மகன் எனக்கெண்டு தேடி வாங்கியிருக்கான் மனே, இதில சீனி இல்லையாம்” என்று சொல்லிச் சொல்லி அன்று பின்னேரமே ஒரு கட்டி முழுவதையும் முடித்துவிட்டார். இரவு மூன்று தரம் வயிற்றால் போனது. படுக்கமுன் விரலில் குத்திப் பார்த்த சீனி அளவும் வழமையைவிடக் கூடத்தான் நின்றது.

விடிந்ததும் குப்பைக் கூடைக்குள் இருந்து அந்த உறையை எடுத்து, கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் முதலாவதாக நின்றது மால்ட்டிட்டோல் என்ற இனிப்பூட்டி. கீழே, எறும்பளவு எழுத்தில், அளவுக்கு மிஞ்சி உண்டால் வயிற்றைப் போக்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இந்த வகை இனிப்பூட்டி 10 வீதத்துக்கு மேல் சேர்ந்திருந்தால் அந்த வசனத்தைப் போட்டே ஆகவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆக, உறையில் பொய் எதுவும் இல்லை. சீனி இல்லை என்றதும் உண்மை, வயிற்றைப் போக்கும் என்றதும் உண்மை. முதலாவது உண்மை விரலளவு எழுத்தில் முன்னால் இருந்தது, மற்றது பின்னால் இருந்தது. மால்ட்டிட்டோல் சீனியைவிட மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். ஆனால் ஏறாமல் இருக்காது. ஒரு கட்டி முழுவதும் தின்றால் நன்றாகவே ஏறும்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்குத் தாங்கவில்லை. “அப்ப அடுத்த பெட்டிக்கு என்னதான் போட? நீயே ஒரு லிஸ்ட் தா” என்றார். சுவிஸிலிருக்கும் தங்கச்சியும், கட்டாரில் வேலை செய்யும் மச்சானும், கனடாவிலுள்ள பெரியப்பாவின் மகளும் இதே கேள்வியை வேறு வேறு நேரத்தில் கேட்டவர்கள்தான். மூன்று மாதமாக வீட்டுக்கு வந்த பக்கட்டுகளின் பின்பக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். எந்த நாட்டிலிருந்து எதைக் கேட்பது, எதை மட்டக்களப்புக் கடையிலேயே வாங்குவது, எதை வீட்டில் செய்துகொள்வது என்ற முடிவுக்கு வர அந்தக் கொப்பிதான் உதவியது.

எங்கள் வீட்டுத் தேவை என்னவென்று முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு முடிவு வேறாகலாம். அம்மாவுக்குச் சலரோகத்தோடு பிறசரும் உண்டு. ஏழு வயது மகனுக்குக் கச்சான் ஒவ்வாது. அரைக் கச்சான் வாயில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும். நான் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி ஆறு நாளும் சைவம், முட்டையும் தொடமாட்டேன். என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடித் தோழி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் தட்டுப் போகும், வரும். அதில் வைப்பது அவர்களுக்கு ஹலாலாக இருக்கவேண்டும். ஒரே பெட்டிக்குள் இந்த நாலு கணக்கும் அடங்கவேண்டும்.

எண்களுக்குப் பயப்படுவது பற்றி

வாட்ஸப்பில் சுற்றும் ஒரு பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். ஆங்கில ‘ஈ’ எழுத்தோடு தொடங்கும் எண்கள், பக்கத்தில் ‘பன்றிக் கொழுப்பு’, ‘புற்றுநோய்’ என்று சிவப்பு எழுத்து. தோழிக்கு ஹலால் குழுவிலிருந்து வந்தது, என் சின்னம்மாவுக்குக் கோயில் குழுவிலிருந்து வந்தது, எண்கள் ஒன்றேதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கட்டுகளைப் பிரித்தால் அரைவாசியைக் குப்பையில் போடவேண்டி வரும். நானும் முதலில் அப்படித்தான் பிரித்தேன். பிறகு ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பட்டியல் எவ்வளவு பேரைத் தேவையில்லாமல் பயப்படுத்துகிறது, தேவையான இடத்தில் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று விளங்கியது.

ஈ எண் என்பது ஐரோப்பாவில் உணவில் சேர்க்க அனுமதித்த பொருளுக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். ஈ 100 மஞ்சளில் இருக்கும் நிறம். ஈ 300 வைட்டமின் சி. ஈ 330 தேசிக்காயில் இருக்கும் புளிப்பு. ஈ 500 நாங்கள் அப்பத்துக்குப் போடும் அப்பச்சோடா. ஈ 440 பழத்தோலிலிருந்து எடுத்து ஜாமைத் தடிக்க வைக்கும் பெக்டின். ஈ 621 என்றால் எல்லாரும் பதறும் அஜினமோட்டோ. அந்தச் சுவையைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து 1908 இல் பிரித்தெடுத்தவர் யப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனே. 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா, காயவைத்த சூரை மீனின் சுவைக்குக் காரணம் இன்னொரு பொருள் என்று கண்டார். அதன் உப்பு வடிவம்தான் இன்று ஈ 631 என்று நூடில்ஸ் பக்கட்டில் வருகிறது. மாசிக் கருவாடும் காயவைத்த சூரைதானே. தேங்காய்ச் சம்பலுக்கு மாசி இடித்துப் போடுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவையைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள்.

இதனால் எந்த எண்ணையும் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லவில்லை. இரண்டு வகை எண்களை நான் நின்று பார்க்கிறேன்.

ஒன்று, எதிலிருந்து எடுத்தது என்பதை எண் சொல்லாதவை. ஈ 471 கொழுப்பிலிருந்து செய்வது. பாமெண்ணெயிலும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், எண் ஒன்றுதான். மேலே சொன்ன ஈ 631 மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் வரலாம், மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். ஈ 322 லெசித்தின் பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி, சிலவேளை முட்டை. ஈ 120 மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அது ஒருவகைச் சின்னப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, ‘கார்மைன்’, ‘கொச்சினீல்’ என்ற பெயர்களிலும் யோகட்டிலும் இனிப்பிலும் வரும். சைவக்காரருக்கு அது ஆகாது. ஜெலட்டினுக்கு ஐரோப்பாவில் எண்ணே கிடையாது, சேர்மானமாகப் பெயரோடு வரும். அதை வாட்ஸப் பட்டியலில் எண்ணாகத் தேடிக்கொண்டிருந்தால் கண்ணுக்கு முன்னால் எழுதியிருக்கும் சொல்லைத் தவறவிட்டுவிடுவோம். பிள்ளைகள் விரும்பும் இழுபடும் இனிப்புகளில் இருப்பது அதுதான். பன்றியா மாடா என்று எழுதாவிட்டால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது வேண்டாம். மாட்டு ஜெலட்டின் போட்டு ஹலால் முத்திரையோடு வருவது தோழி வீட்டுக்குச் சரி, எங்கள் வீட்டுக்கு அதுவும் சரிவராது.

மற்றது, பிள்ளைகளுக்கான ஆறு நிறங்கள்: ஈ 102, 104, 110, 122, 124, 129. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செய்து 2007 இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, 2010 யூலை முதல் ஐரோப்பாவில் இந்த நிறம் போட்ட பொருளில், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எழுதவேண்டும். அந்த எச்சரிக்கை எழுதுவதைவிட நிறத்தை மாற்றுவது நல்லது என்று பல கொம்பனிகள் மாற்றிவிட்டன. ஆனால் இதே நிறங்களில் சில அமெரிக்கப் பக்கட்டில் வேறு பெயரில் வரும். ஈ 102 அங்கே ‘யெலோ 5’, ஈ 110 ‘யெலோ 6’, ஈ 129 ‘ரெட் 40’. எச்சரிக்கை வசனம் இராது. அவுஸ்திரேலியப் பக்கட்டில் ஈ எழுத்து இல்லாமல் 102, 110 என்று வெறும் எண்ணாக நிற்கும். பெயர் மாறியதால் பொருள் மாறவில்லை.

நாடுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளை நிறம் கொடுக்கும் ஈ 171 ஐ ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் உணவில் தடை செய்தது. பிரித்தானியா தடை செய்யவில்லை. ‘ரெட் 3’ என்ற நிறத்துக்கான அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் நீக்கி, உணவுக் கொம்பனிகளுக்கு 2027 ஜனவரி வரை தவணை கொடுத்தது. ‘அந்த நாட்டில் தடை, இந்த நாட்டில் விற்கிறார்கள்’ என்று வரும் செய்தியில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மாதக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வந்த ஆபத்து ஒன்றுகூட எண்ணால் வரவில்லை. மாவாலும் சீனியாலும் உப்பாலும் கச்சானாலும்தான் வந்தது.

லண்டன், சுவிஸ், கனடா, கட்டார்

அம்மாவின் கணக்கு மாச்சத்துக் கணக்கு, பக்கட்டில் ‘கார்போஹைட்ரேட்’ என்று வருவது. இங்கேதான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

லண்டன் பக்கட்டில் எல்லாம் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும். இரண்டு பிஸ்கட்டை அருகருகே வைத்தால் எதில் கூட, எதில் குறைய என்று பிள்ளைகூடச் சொல்லும். அமெரிக்கப் பக்கட்டிலும் கனடாப் பக்கட்டிலும் ‘ஒரு பரிமாறல்’ அளவுக்குத்தான் கணக்கு. ஒன்றில் 28 கிராம், மற்றதில் 40 கிராம், இன்னொன்றில் மூன்று பிஸ்கட். ஒப்பிடவேண்டுமென்றால் பென்சில் எடுக்கவேண்டும். அமெரிக்காவில் ஒரு பரிமாறலில் அரைக் கிராமுக்குக் குறைந்தால் ‘சீனி இல்லை’ என்று எழுதலாம். பரிமாறலைச் சின்னதாக்கினால் சீனியும் சின்னதாகும். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் அதே சொல்லுக்கு 100 கிராமில் அரைக் கிராம் என்பதே எல்லை.

அமெரிக்க லேபலை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. மொத்தச் சீனி எவ்வளவு, அதில் மேலதிகமாகச் சேர்த்த சீனி எவ்வளவு என்று தனித்தனி வரியில் காட்டுவது அதுதான். லண்டன் லேபலில் இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். பால் சீனியா, போட்ட சீனியா தெரியாது. கனடாவில் 2026 ஜனவரி முதல், நிறைவுற்ற கொழுப்போ சீனியோ சோடியமோ கூடிய பக்கட்டின் முன்பக்கத்திலேயே பூதக்கண்ணாடிப் படத்தோடு எழுதவேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படம் போதும். அது எல்லா நாட்டுக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

சலரோகக்காரர் பார்க்கவேண்டிய வரி ‘சீனி’ என்ற வரியல்ல, அதற்கு மேலே உள்ள ‘மொத்த மாச்சத்து’ என்ற வரி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. சீனி இல்லாத பிஸ்கட் ஒன்றில் சீனி 0.4 கிராம், மாச்சத்து 100 கிராமுக்கு 64 கிராம். கோதுமை மாவும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும்தான் மற்றதெல்லாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் லேபலில் சீனியாகக் கணக்கில் வராது, உடம்புக்குள் போனால் சீனி மாதிரியே விறுவிறென்று ஏறும். ‘பழத்தால் மட்டும் இனிப்பாக்கியது’ என்று வந்த ஜாமில் 100 கிராமுக்கு 38 கிராம் சீனி. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கி ஊற்றியிருக்கிறார்கள். ‘குறைத்தது’, ‘லைட்’ என்றால் அதே வகை வேறு பொருளைவிட 30 வீதம் குறைவு என்பதுதான் ஐரோப்பியக் கணக்கு. குறைத்த பிறகும் நிறைய மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று, அமெரிக்க, கனடா லேபலில் மொத்த மாச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம். லண்டன், சுவிஸ் லேபலில் நார்ச்சத்து வேறாக நிற்கும். இரண்டு நாட்டுப் பொருளை நேராக ஒப்பிட்டால் அமெரிக்கப் பொருள் வீணாகக் கெட்டதாகத் தெரியும். நார்ச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கவேண்டும்.

பிறசருக்கு உப்பு. லண்டனில் ‘உப்பு’ என்று கிராமில் வரும், அமெரிக்காவில் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் வரும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நூடில்ஸ் கோப்பை ஒன்றும் சூப்புக் கட்டி ஒன்றும் சேர்ந்தால் அம்மாவின் நாள் முடிந்துவிடும், கறியில் உப்பே போட முடியாது. அஜினமோட்டோ இல்லை என்று எழுதிய சூப்புக் கட்டியில் ‘ஈஸ்ட் சாறு’ இருந்தது. அஜினமோட்டோவில் உள்ள அதே குளுட்டமேட் அதில் இயல்பாகவே இருக்கிறது. அது எனக்குப் பெரிய கவலையில்லை. உப்புதான் கவலை.

மகனின் விசயத்தில் நான் ஒள்ளமும் விட்டுக்கொடுப்பதில்லை. இங்கே லண்டன் பெட்டிக்கு முதலிடம். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே எடுப்பாகக் காட்டவேண்டும், பெரும்பாலும் தடித்த எழுத்தில். கச்சானும் அதில் ஒன்று. லூப்பின் என்ற பருப்பும் அந்தப் பதினாலில் உண்டு. கச்சானின் இனம், சில ஐரோப்பியப் பாணிலும் பேஸ்ட்ரியிலும் மாவாகச் சேர்ப்பார்கள், கச்சான் ஒவ்வாத சிலருக்கு அதுவும் ஒவ்வாது. அமெரிக்காவில் சட்டம் கட்டாயமாக்கிய பட்டியல் 9 தான். எள் அதில் சேர்ந்ததே 2023 இல். லூப்பின் அதில் இல்லை.

சுவிஸ் பக்கட்டிலும் அதே அளவு விபரம் இருக்கிறது, ஆனால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மொழிகளில். கச்சான் ஜெர்மனில் ‘எர்ட்நுஸ்’, பிரெஞ்சில் ‘அரஷிட்’. இந்த இரண்டு சொல்லையும் தங்கச்சி பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாள், அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மொழிபெயர்க்கும் செயலியை உயிர் போகிற விசயத்தில் நான் நம்புவதில்லை. மினுங்கும் உறையில் அது பாதிச் சொல்லைப் பிடிக்கும், பாதியைத் தவறவிடும்.

‘கச்சான் கலந்திருக்கலாம்’ என்ற வசனம் பற்றி ஒரு விசயம். லண்டனிலும் அமெரிக்காவிலும் அதை எழுதுவது கொம்பனியின் விருப்பம், கட்டாயமில்லை. எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். எழுதாமல் இருந்தால் அது பாதுகாப்பு என்று எடுத்துவிடாதீர்கள். மகனுக்கு நான் இப்போது ஒரு சில பொருள்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிக்கிறேன், ஏனென்றால் அதே பக்கட்டுக்குள்ளும் சேர்மானம் மாறும்.

கட்டார்ப் பெட்டியை ஒரு நாட்டுப் பெட்டி என்று சொல்ல முடியாது. அங்கே கடையில் இந்தியப் பொருள், பிலிப்பைன்ஸ் பொருள், அமெரிக்கப் பொருள் எல்லாம் விற்கும். மேலே அரபு ஒட்டி. சிலவேளை அந்த ஒட்டி மூலப் பட்டியலின் மேலேயே இருக்கும். தோழியின் வாப்பாவுக்கு அரபு வாசிக்கத் தெரியும் என்பதால் தப்பினோம். அங்கிருந்து வரும் பெரிய ரின் பால்மா எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விருப்பம். போன தடவை வந்தது வழமையான ரின்னைவிட மலிவு என்று மச்சான் சந்தோசப்பட்டார். பின்னால் பார்த்தால் ஆடை நீக்கிய பாலும் தாவர எண்ணெயும். பாலின் கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமெண்ணெய் போன்ற ஒன்றைச் சேர்த்துச் செய்யும் மா அது. விற்பது சட்டப்படி சரி, பெயரும் வேறாகத்தான் எழுதியிருந்தது, ஆனால் ரின்னில் இருந்த பசுமாட்டுப் படம் ஒன்றேதான். உண்மையான முழு ஆடைப் பால்மாவில் கொழுப்பு 26 வீதத்துக்குக் குறையாது, சேர்மானத்தில் தாவர எண்ணெய் என்ற சொல்லே வராது. ஹலால் விசயத்தில் மட்டும் கட்டார்ப் பெட்டி மற்ற எல்லாப் பெட்டியையும்விட மனநிம்மதி தருகிறது.

சைவத்துக்கு எனக்கு உதவுவது மச்சான் பெட்டியில் வரும் இந்தியப் பொருள்கள். பச்சைப் புள்ளி என்றால் சைவம். அசைவத்துக்குக் கபில நிற முக்கோணம், பழைய பக்கட்டில் கபிலப் புள்ளி. முட்டை சேர்ந்ததற்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது. லண்டனின் ‘சைவருக்கு உகந்தது’ என்ற வசனம் ஈ 471 குழப்பத்தைத் தீர்த்துவிடும், மிருகக் கொழுப்பு இல்லை என்று அர்த்தம். ஆனால் அதற்குள் முட்டை இருக்கலாம். ஹலாலுக்கும் அது முழு விடையல்ல, வாசனைச் சாற்றில் மதுசாரம் இருக்கலாம்.

திகதி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 04/05/2026 என்றால் லண்டனில் மே 4, அமெரிக்காவில் ஏப்ரல் 5. கனடாவில் வருடம் முதலில், மாதத்துக்கு இரண்டு எழுத்து: எம்ஆர் மார்ச், எம்ஏ மே. கப்பலில் வரும் பெட்டி வாரக்கணக்கில் கிடக்கும், எங்கள் வெயிலில் இன்னும் பழுதாகும். ‘இன்ன திகதிக்குள் பாவிக்கவும்’ என்பது பாதுகாப்புத் திகதி, தாண்டினால் எறியவேண்டும். ‘இன்ன திகதிவரை தரமானது’ என்பது சுவைக்கும் மொறுமொறுப்புக்கும்.

எங்கள் கடையும் எங்கள் அடுப்பும்

மட்டக்களப்புக் கடையில் கிடைக்கும் இலங்கைப் பொருளை ஏன் இவ்வளவு காலம் இரண்டாம் தரமாக நினைத்தோம் என்று இப்போது யோசிக்கிறேன். பெரும்பாலானவற்றில் தமிழ் இருக்கிறது. அம்மா தானே வாசிப்பார், என்னைக் கூப்பிடத் தேவையில்லை. நிற வட்டமும் இருக்கிறது. 2016 இல் குளிர்பானங்களுக்குத் தொடங்கியது: 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, இடைப்பட்டது செம்மஞ்சள். பிறகு திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று வந்தது. லண்டனிலும் இதேமாதிரி நிறம் இருக்கிறது, ஆனால் அங்கே கொம்பனி விரும்பினால்தான். பழுதானது கிடைத்தால் இங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பக்கட்டோடு போகலாம். லண்டன் பக்கட்டைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது?

அந்த வட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. அது சீனியை மட்டும் எண்ணும், இனிப்பூட்டியை எண்ணாது. செயற்கை இனிப்பூட்டி போட்ட பானம் பச்சை வட்டத்தோடு வரும். சேர்மானத்தைப் படிக்காமல் பச்சையை மட்டும் பார்த்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேபலே இல்லாத பொருளைப் பற்றி எங்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. ‘பக்கட்டில் வராதது, ஊர்ச் சாமான், நல்லது’ என்று. படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிருக்கு அது முழுக்கப் பொருந்தும். பாலும் உறையும், வேறொன்றுமில்லை. அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்குப் பதில் நான் கொடுப்பது அதுதான், பனங்கட்டி இல்லாமல். ஆனால் கடையில் நிறுத்துத் தரும் மிக்சருக்கும் மஞ்சள் நிற லட்டுக்கும் அது பொருந்தாது. எந்த நிறம், எந்த எண்ணெய், கச்சான் அள்ளிய அகப்பையால்தான் இதையும் அள்ளினார்களா, ஒன்றும் தெரியாது. மகனுக்கு ஒருமுறை உதடு வீங்கியது வெளிநாட்டுப் பொருளால் அல்ல, கச்சான் இல்லை என்று சொல்லித் தந்த முறுக்கால். கேட்டதற்குப் பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. எழுதிய சேர்மானப் பட்டியல் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

குரக்கனையும் சொல்லவேண்டும். சலரோகத்துக்கு மருந்து மாதிரி எல்லாரும் சொல்வார்கள். குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராம் அளவில் மாச்சத்து இருக்கிறது. நார் கூட, வயிறு நிறையும், வெள்ளை மாவைவிட நல்லது, ஆனால் இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு சாப்பிட்டால் இரத்தச் சீனி ஏறத்தான் செய்யும். அம்மாவுக்கு நான் அரை நீத்துப்பெட்டியும், கூடவே முருங்கையிலைச் சுண்டலும் மீனும் வைக்கிறேன்.

நான் அனுப்பிய லிஸ்ட்

அம்மாவுக்கு எந்த நாட்டிலிருந்தும் ‘சீனி இல்லாத’ இனிப்பு, பிஸ்கட், ஜாம் வேண்டாம் என்று நாலு பேருக்கும் எழுதினேன். அவருக்கு இனிப்பு ஆசை வந்தால் சாதாரணக் கறுப்புச் சொக்லட், கொக்கோ 85 வீதம், ஒரு சின்னத் துண்டு, அது சுவிஸிலிருந்து. சூப்புக் கட்டி, நூடில்ஸ், பதப்படுத்திய இறைச்சி ஒன்றும் வேண்டாம். அதற்குப் பதில் உப்புப் போடாத பாதாம் லண்டனிலிருந்து. பிறகு அதையும் வெட்டினேன். மகன் இருக்கும் வீட்டுக்குள் கொட்டை வகை வேண்டாம்.

மகனுக்கு லண்டனிலிருந்து மட்டும். மூன்று வகை பிஸ்கட், ஒரு காலைத் தானியம், தடித்த எழுத்துப் பட்டியலோடு. அமெரிக்கப் பொருள் வேண்டாம், பழக்கமில்லாத பிராண்ட் வேண்டாம். தோழி வீட்டுத் தட்டுக்குக் கட்டாரிலிருந்து பேரீச்சம்பழம். அதற்குச் சேர்மானப் பட்டியலே ஒரு சொல்தான், இரண்டு வீட்டுக்கும் சரி, சைவ நாளுக்கும் சரி. பால்மா இனி மட்டக்களப்புக் கடையில். ஜாமும் இங்கேயே, கொஞ்சமாக.

கனடா அக்காவிடம் சாமான் எதுவும் கேட்கவில்லை. கார்கோவுக்குக் கொடுக்கும் காசில் அம்மாவின் இரத்தச் சீனி பார்க்கும் பட்டிகளை இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதினேன். “அதைத்தான் நானும் கேக்க இருந்தனான்” என்று உடனே பதில் வந்தது.

கடைசியாக எல்லாருக்கும் ஒரு கோரிக்கை வைத்தேன்: வாங்கமுன் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அண்ணன் போன சனிக்கிழமை கடைக்குள் நின்றே ஒன்று அனுப்பினார். ‘இயற்கையானது, ஓட்ஸ், சீனி சேர்க்கவில்லை’ என்ற பட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். மாச்சத்து 67 கிராம், பேரீச்சைக் கூழ் முதலாவது, கீழே கச்சான் தடித்த எழுத்தில். வேண்டாம் அண்ணா என்று எழுதினேன். திருப்பி வைத்துவிட்டேன் என்று எழுதிவிட்டு அடுத்த படத்தை அனுப்பினார். தேயிலைப் பெட்டி. இலங்கைத் தேயிலை. அதையும் வைக்கச் சொன்னேன்.